கேபிள் எங்கே வேகிறது: மண்ணையும் ஜாயின்ட்டையும் கணக்கில் பிடிக்கும் வழி

கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூல் மில். சித்திரை வெயிலில் தோண்டி எடுத்த ஜாயின்ட்டை (இரண்டு கேபிள் துண்டை இணைத்த இடம்) வேப்பமரத்தடியில் சாக்கு விரித்துப் போட்டு அறுத்துப் பார்த்தோம். 11 கே.வி., மூன்று கோர், 240 சதுர மி.மீ. அலுமினியம், எக்ஸ்எல்பிஇ (ஒரு வகை பாலிஎத்திலீன்) இன்சுலேஷன் போட்ட கேபிள். நீல ஃபேஸ் வெடித்துக் கரியாகியிருந்தது, அதில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. சிவப்பு ஃபேஸ் புதுசு மாதிரி இருந்தது. நான் உட்கார்ந்து பார்த்தது மஞ்சள் ஃபேஸைத்தான். அது இன்னும் வெடிக்கவில்லை, வெடிக்கப் போய்க்கொண்டிருந்தது. செமிகான் (அரைக் கடத்தி) தோலை உரித்ததும் பால் நிறத்தில் இருக்க வேண்டிய இன்சுலேஷன், ஃபெரூலை (கண்டக்டர் முனைகளை அழுத்திச் சேர்க்கும் உலோகக் குழல்) ஒட்டிக் கருப்பட்டி நிறத்திலும், சற்றுத் தள்ளி டீ நிறத்திலும் இருந்தது. அதற்கப்பால் பழைய வெள்ளை. கூட வந்த ஜாயின்டர் அண்ணாச்சி கையை விரித்து வைத்து அளந்தார். "ஒரு சாண், நாலு விரல். அதுக்கு அங்கிட்டுப் பழுதே இல்ல, பாத்தியாய்யா?"

அந்த ஒரு சாணும் நாலு விரலும் ஏன் அவ்வளவு, ஏன் ஒரு மீட்டர் இல்லை என்பதை அன்று ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். பாலிடெக்னிக் படித்து, பழுது பார்க்கும் வண்டியிலேயே பாதி வயதைக் கழித்தவன் நான். பெரிய சாஃப்ட்வேர் எதுவும் என்னிடம் இல்லை. இங்கே எழுதுவது அந்தத் தாளைத் திரும்பப் போடும் முறை. பத்தாம் வகுப்புக் கணக்கும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில் ஒன்று. "கேபிள் சூடு" என்று ஒரே பேரில் சொல்கிறோமே தவிர அது மூன்று வேறு சூடு. லோடு ஓடுவதால் வரும் சூடு மண்ணுக்குள் போக வாரக்கணக்கில் ஆகும். கெட்ட ஜாயின்ட்டில் வரும் சூடு ஒரு சாணுக்குள் நிற்கும். ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது வருவது ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். மூன்றையும் ஒரே மாடலில் திணித்தால் மூன்றுமே தப்பாகும். தனித்தனியாகப் போட்டு, கடைசியில் கூட்டுங்கள்.

நல்ல கேபிளின் சூடு

240 சதுர மி.மீ. அலுமினியத்துக்கு 20 டிகிரியில் ஒரு கிலோமீட்டருக்கு 0.125 ஓம். 90 டிகிரியில் ஏசி கணக்குக்கு 0.161 என்று வையுங்கள். 300 ஆம்பியர் ஓடினால் ஒரு கோரில் மீட்டருக்கு 14.5 வாட், மூன்றுக்கும் சேர்த்து 43.5 வாட். ஸ்கிரீனிலும் (கோர் மேல் சுற்றிய செப்பு டேப்) ஆர்மரிலும் (கேபிளின் உலோகக் கவசம்) வரும் இழப்பு இந்த அளவு கேபிளில் கொஞ்சம்தான், விட்டுவிட்டேன்.

இந்த 43.5 வாட் வெளியே போக வழியில் என்னென்ன தடை என்று உள்ளிருந்து வெளியே எழுதுங்கள். ஐஇசி 60287 என்ற தரநிலையின் அடிப்படையும் இதுதான். 1957-இல் நெஹர், மெக்ராத் இருவரும் எழுதிய கட்டுரையும் இந்த ஏணியைத்தான் கட்டுகிறது. வெப்பத்தை கரன்ட் மாதிரியும், டிகிரியை வோல்ட் மாதிரியும் நினைத்துக்கொண்டால் எலக்ட்ரீஷியனுக்குப் புரியாதது எதுவும் இதில் இல்லை.

எக்ஸ்எல்பிஇ-க்குள் ஏறுவது 3 டிகிரி சொச்சம். ஃபில்லர், உள்உறை, வெளிஉறை எல்லாம் சேர்த்து 7 டிகிரி. ஆக, கேபிளுக்குள் மொத்தம் 10. அப்புறம் மண். மண்ணின் தடைக்கு வாய்ப்பாடு: மண்ணின் வெப்பத்தடை எண்ணை 6.28-ஆல் வகுத்து, அதை, ஆழத்தை நாலால் பெருக்கிக் கேபிளின் விட்டத்தால் வகுத்து வரும் எண்ணின் இயல் மடக்கையால் பெருக்க வேண்டும். ஆழம் 900 மி.மீ., விட்டம் 72 மி.மீ. என்றால் மடக்கைக்குள் 50 வரும், மடக்கை 3.91. மண்ணின் எண் 1.5 என்றால் தடை 0.934. அதை 43.5-ஆல் பெருக்கினால் 40.6 டிகிரி.

தரையின் இயல்பான சூடு 30, மண்ணின் 40.6, கேபிளின் 10. கண்டக்டர் 81 டிகிரியில் நிற்கிறது. எக்ஸ்எல்பிஇ-யின் எல்லை 90. பாஸ்தான். ஆனால் பங்கைப் பாருங்கள்: 51 டிகிரி ஏற்றத்தில் 40 மண்ணுடையது. கேபிளின் குறுக்குவெட்டை அழகாக வரைந்து மெஷ் போடுவதில் நாள் முழுக்கச் செலவழிக்கும் பையன்கள், மண்ணுக்கு மட்டும் கேட்டலாக்கில் இருக்கிற 1.5-ஐ அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஐந்தில் நாலு பங்கு ஊகம், ஒரு பங்கு துல்லியம்!

இங்கே ஒரு குழி இருக்கிறது. நம்மூர்க் கேட்டலாக்குகளில் இதே எண் 150 என்று இருக்கும், சென்டிமீட்டர் கணக்கில். அதை மீட்டர் கணக்குத் தாளில் போட்டு, கண்டக்டர் சூரியனைவிடச் சுடுகிறது என்று எனக்கு ஃபோன் பண்ணியவர்கள் உண்டு. இன்னொரு குழி: மண் ரிப்போர்ட் கேட்டால் எர்த் பிட் போடும்போது எடுத்த ஓம்-மீட்டர் ரிப்போர்ட்டை அனுப்புவார்கள். அது மின்தடை. நமக்கு வேண்டியது வெப்பத்தடை. பேர்தான் ஒட்டிப் பிறந்தது மாதிரி இருக்கும்.

மண்ணைக் கேபிளிடமே கேளுங்கள்

மண்ணின் எண்ணை அளக்க வெப்ப ஊசி வைத்து லேபில் பார்க்கலாம். ஈரம் குறையக் குறைய எண் எப்படி ஏறுகிறது என்ற வளைவோடு தருவார்கள், நல்லதுதான். ஆனால் கேபிள் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால் அதையே ஊசியாக வைத்துக்கொள்ளலாம். நான் செய்தது இவ்வளவுதான். ஜாயின்ட்டிலிருந்து பத்து மீட்டர் தள்ளி ஒரு குழி. வெளிஉறையில் ஒரு தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் கம்பி) டேப் போட்டுக் கட்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு மிதித்தேன். மூன்று மீட்டர் தள்ளி, அதே ஆழத்தில், சும்மா மண்ணில் இன்னொன்று. மூன்று வாரம் விட்டேன். நூல் மில் இதற்கு ரொம்ப வசதி: ராத்திரி பகல் ஒரே லோடு, சராசரி 260 ஆம்பியர். வீட்டு லோடு என்றால் மாலையில் ஏறி விடியலில் இறங்கும், அதற்குத் தனிக் கணக்கு.

கண்டக்டர் 90-ஐ எட்டாததால் தடையை 0.155 என்று வைத்தால், 260 ஆம்பியருக்கு மீட்டருக்கு 31.4 வாட். இரண்டு தெர்மோகப்பிளுக்கும் வித்தியாசம் 46 டிகிரி. அந்த ஆழத்துக்கும் விட்டத்துக்கும் கெழு, முன்பு வந்த 3.91-ஐ 6.28-ஆல் வகுத்தால், 0.62. 46-ஐ 31.4-ஆலும் 0.62-ஆலும் வகுத்தால் 2.36. கேட்டலாக் சொன்னது 1.5. இதே இடத்தில் கார்த்திகை மழைக்குப் பிறகு பார்த்தபோது வித்தியாசம் 22 டிகிரிதான், எண் 1.13.

கரிசல் மண்ணின் குணம் அது. ஈரமாக இருக்கும்போது வெப்பத்தை நன்றாகக் கடத்தும். பங்குனி, சித்திரையில் கை நுழைகிற அளவு வெடிக்கும். வெடிப்புக்குள் இருப்பது காற்று. கேபிளுக்கு மேலே கம்பளி போர்த்தியது மாதிரி.

கேபிளும் தன் பங்குக்கு மண்ணைக் காய வைக்கும். உறை சுமார் 50 டிகிரி தாண்டினால் பக்கத்து ஈரம் விலகி ஓடும், சுற்றி ஒரு காய்ந்த வளையம் உண்டாகும். இதற்குத் தரநிலையிலேயே இரண்டு வளையக் கணக்கு இருக்கிறது, அதுவும் எளிது. மண் முழுக்கக் காய்ந்தது என்று வைத்து ஏற்றத்தைப் போடுங்கள். நம் கேபிளுக்குக் காய்ந்த எண் 2.5 என்றால் அது 67.7 டிகிரி. காய்ந்த எண்ணை ஈர எண்ணால் வகுத்து (2.5-ஐ 1.5-ஆல், 1.667) ஒன்றைக் கழியுங்கள். அதை எல்லைக்கோட்டின் ஏற்றத்தால், அதாவது 50-இல் 30 போக 20-ஆல் பெருக்கினால் 13.3. முதல் எண்ணிலிருந்து இதைக் கழித்தால் 54.4.

இப்போது 300 ஆம்பியருக்கு மூன்று விடை கையில் இருக்கிறது. ஈரமண்ணில் 81, காய்ந்த வளையத்தோடு 95, அடியோடு காய்ந்தால் 108. அதே கேபிள், அதே லோடு. ரிப்போர்ட்டில் ஒரே எண்ணை எழுதாதீர்கள், மூன்றையும் எழுதுங்கள். மேனேஜர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

ஒரே டிரெஞ்சில் இன்னொரு கேபிள் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். 15 சென்டிமீட்டர் தள்ளி இதே லோடில் இன்னொன்று ஓடினால், ஈரமண்ணிலேயே நம் கேபிளுக்கு 26 டிகிரி கூடும். 30 சென்டிமீட்டர் தள்ளிப் போட்டால் 19. ஒரு கேபிள் போனதும் அதன் லோடையும் பக்கத்துக் கேபிளில் ஏற்றுகிறோமே, அந்த நேரத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகத் திரும்பும். 1998-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மையத்தில் நடந்தது இதுதான். கோடை, காய்ந்த மண், நாலு 110 கே.வி. கேபிள். ஜனவரி 22-இல் ஒன்று, பிப்ரவரி 9-இல் இரண்டாவது, 19-இல் மூன்றாவது, 20-இல் நாலாவது. நகர மையம் ஐந்து வாரம் இருட்டில் கிடந்தது. தேதிகளுக்கு இடையில் இருக்கும் நாட்களைப் பாருங்கள். 90 சென்டிமீட்டர் ஆழ மண் முழுசாகச் சூடேற வாரக்கணக்கு ஆகும். லோடை மாற்றிய அன்று சாயங்காலம் தொட்டுப் பார்த்து "ஒண்ணும் ஆகல" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

ஜாயின்ட்: எண்பத்தொரு வரிசைத் தாள்

இனி அந்த மஞ்சள் ஃபேஸ். மைக்ரோ ஓம் மீட்டர் வைத்து அளந்தோம். சிவப்பு ஃபேஸ் ஃபெரூலுக்கு 30 மைக்ரோ ஓம், மஞ்சளுக்கு 200. காரணமும் கண்ணுக்குத் தெரிந்தது. 300-க்கான டையை (அழுத்தும் அச்சு) வைத்து 240 ஃபெரூலை அழுத்தியிருக்கிறார்கள். கிரிம்ப் பதிந்த மாதிரி இருக்கும், உள்ளே இழைகள் நெருங்கியிருக்காது. அலுமினியம் வேறு, ஆக்சைடைச் சுரண்டாமல் விட்டால் அதுவே இன்சுலேஷன்.

300 ஆம்பியருக்கு 200 மைக்ரோ ஓம் என்றால் 18 வாட். பெரிசாகத் தெரியாது, ஒரு குண்டு பல்பு அளவுகூட இல்லை. ஆனால் நல்ல கேபிளில் ஒரு கோர் ஒரு மீட்டர் நீளத்துக்குப் பரப்பி வெளியே விடுவது 14.5 வாட். இங்கே 18 வாட்டும் விரல் நீளத்தில் வருகிறது.

அது எங்கே போகும்? கொஞ்சம் பக்கவாட்டில் மண்ணுக்குள். மீதி கண்டக்டர் வழியாகவே இரண்டு பக்கமும் ஓடும், ஓடிக்கொண்டே மண்ணுக்குக் கசியும். கரண்டியின் முனையை அடுப்பில் வைத்தால் கைப்பிடி சுடுவது போல. இதற்குத் தாள் போடும் விதம்:

81 வரிசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 5 சென்டிமீட்டர் கண்டக்டர், மொத்தம் 4 மீட்டர். நடு வரிசை, 41-ஆவது, ஜாயின்ட். முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் பூஜ்யம். இந்தத் தாளில் கண்டக்டரின் முழு வெப்பநிலை வராது, ஜாயின்ட்டால் கூடுதலாக ஏறும் டிகிரி மட்டும் வரும். அதைப் பின்னால் 81-உடனோ 95-உடனோ கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டு எண் வேண்டும். ஒன்று, பக்கத்துத் துண்டுக்கு எவ்வளவு சுலபமாகப் போகும்: அலுமினியத்தின் வெப்பக் கடத்துதிறன் 228, பரப்பு 240 சதுர மி.மீ., நீளம் 5 செ.மீ.; 1.094 வருகிறது. இரண்டு, மண்ணுக்கு எவ்வளவு சுலபமாகப் போகும்: ஒரு கோரிலிருந்து மண் வரை மொத்தத் தடை ஈரமண்ணுக்கு 1.32, அதை வைத்து 5 செ.மீ. துண்டுக்கு 0.038. ஒவ்வொரு செல்லிலும் எழுத வேண்டியது: மேல் செல்லையும் கீழ் செல்லையும் கூட்டி 1.094-ஆல் பெருக்கு, அந்தத் துண்டில் பிறக்கும் வாட்டைக் கூட்டு, எல்லாவற்றையும் 2.226-ஆல் (இரண்டு 1.094-உம் ஒரு 0.038-உம் சேர்ந்தது) வகு. வாட் நடு வரிசையில் மட்டும், மற்றவற்றில் பூஜ்யம்.

செல்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு வட்டமடிப்பதால் எக்செல் கோபித்துக்கொள்ளும். செட்டிங்கில் இட்டரேஷனை (திரும்பத் திரும்பக் கணக்கிடுவதை) ஆன் செய்யுங்கள். அது இயல்பாக 100 சுற்றோடு நிறுத்திவிடும், அப்போது விடை முழுசாக ஏறியிருக்காது. 1000 என்று மாற்றுங்கள். லாட்ஜில் நான் ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டது இதற்காகத்தான். தாள் சரியா என்று பார்க்க ஒரு சோதனை: நடுவில் 45 வாட் போட்டால் 110 டிகிரி வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு செல்லில் தப்பு.

18 வாட்டுக்கு நடுவில் 44 டிகிரி. அங்கிருந்து 27 சென்டிமீட்டர் போவதற்குள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஒரு சாண், நாலு விரல்! அண்ணாச்சிக்குக் காலையில் தாளைக் காட்டினேன். "இதத்தான நான் நேத்தே சொன்னேன்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

ஒரு மீட்டர் தள்ளிப் பார்த்தால் ஏற்றம் ஒரு டிகிரி சொச்சம்தான். இதை நன்றாக மனதில் வையுங்கள். டிரெஞ்சில் எங்கோ ஒரு இடத்தில் சென்சார் வைத்துவிட்டு ஜாயின்ட்டைக் கண்காணிப்பதாகச் சொல்லிக்கொள்பவர்கள் ஏராளம். ஜாயின்ட் வேகும்போது அந்த சென்சார் நிம்மதியாகத் தூங்கும்.

இந்தத் தாளுக்குள்ள குறையையும் சொல்லிவிட வேண்டும். மண்ணுக்குள் வெப்பம் நீளவாக்கிலும் பரவும், தாளுக்கு அது தெரியாது. அதனால் கொஞ்சம் கூட்டிக் காட்டும். மறுபக்கம், ஜாயின்ட்டைச் சுற்றி ரெசினும் டியூபும் தடிமனாக இருப்பதால் நிஜத்தில் வெப்பம் வெளியேறுவது கஷ்டம்; அதைத் தாள் குறைத்துக் காட்டும். மண் காய்ந்தால் 44 என்பது 54 ஆகும். பத்துப் பதினைந்து டிகிரி இப்படி அப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மைக்ரோ ஓமுக்கும் 200-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்க இது தாராளம்.

டிகிரியை ஆயுளாக மாற்றுவது

இன்சுலேஷன் எவ்வளவு கெட்டது என்பதற்கு நான் கையாளும் விதி பழசு: எட்டு டிகிரி கூடினால் முதுமை இரட்டிப்பு வேகம். வெப்பத்துக்கும் வேதிமாற்ற வேகத்துக்குமான அர்ரீனியஸ் சமன்பாட்டில் ஆற்றல் 1.1 எலக்ட்ரான் வோல்ட் போட்டுப் பார்த்தாலும் கிட்டத்தட்ட இதே விடைதான் வருகிறது. 90 டிகிரியை ஒன்று என்று வைத்தால், 81-இல் பாதிக்கும் குறைவு, 95-இல் ஒன்றரை மடங்கு, 108-இல் ஐந்து மடங்குக்குப் பக்கம்.

மஞ்சள் ஜாயின்ட்: 95-உம் 44-உம் சேர்ந்து 140-க்குப் பக்கம். எழுபது மடங்கு. 30 வருஷம் என்று நினைத்துப் போட்ட பொருள் ஐந்து மாதத்தில் கிழமாகும். அந்த ஜாயின்ட் போட்டது தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால். வெடித்தது சித்திரையில்.

ரொம்பப் பொருந்துகிறதே என்று நானும் குஷியாகத்தான் இருந்தேன். ஆனால் இந்த இடத்தில் விதியை நம்பி ஓடக் கூடாது. 105 டிகிரி அருகே எக்ஸ்எல்பிஇ-யின் படிகப் பகுதி உருகத் தொடங்கும். அதற்கு மேல் அது மெதுவாகக் கிழமாகிற பொருள் இல்லை, ரப்பர் மாதிரி இளகுகிற பொருள். கண்டக்டர் ஒரு பக்கம் அழுந்தும், இன்சுலேஷனும் ஹீட் ஷ்ரிங்க் டியூபும் ஒட்டும் இடத்தில் இடைவெளி விழும், அந்தக் காற்றில் பார்ஷியல் டிஸ்சார்ஜ் (சின்னச் சின்ன மின்பொறி) பிடிக்கும். கொல்வது அதுதான். ஆகவே 105 வரை மடங்குக் கணக்கு. அதைத் தாண்டினால் தாளில் சிவப்பு நிறம் அடித்து "தோண்டு" என்று எழுதிவிடுகிறேன்.

ஒரு நொடிச் சூடு

ஷார்ட் சர்க்யூட்டில் மண்ணை மறந்துவிடலாம். வெப்பம் வெளியே போக நேரமே இல்லை, எல்லாம் உலோகத்துக்குள்ளேயே. 13.1 கிலோ ஆம்பியர் 0.3 நொடி ஓடினால் நம் 240 அலுமினியம் 90-லிருந்து 103-க்கு ஏறும், அவ்வளவுதான். அனுமதி 250 வரை. கண்டக்டரைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது கோர் மேல் சுற்றிய செப்பு டேப். எர்த் ஃபால்ட்டில் கரன்ட் ஆர்மர் வழியாகத் திரும்பும் என்று எல்லோரும் நினைக்கிறோம். ஜாயின்ட்டில் ஆர்மர் கிளாம்ப்பை மறந்துவிட்டால் டேப் மட்டும்தான் பாதை. டேப்பின் குறுக்களவு 4 சதுர மி.மீ. என்று வைத்து, 1.5 கிலோ ஆம்பியர் 0.1 நொடி: 80 டிகிரியிலிருந்து 180. இது ஒரு தடவைக்கு. ரிலேயில் ஆட்டோ ரீக்ளோஸ் (டிரிப் ஆனதும் தானே திரும்பப் போடும் வசதி) ஆன் ஆகி இருந்து, ஆறுவதற்குள் இன்னொரு தடவை போட்டால் 311. எல்லை தாண்டியாச்சு. ஃபால்ட் இருந்த இடத்தைச் சரிசெய்த பிறகும், டேப் சுட்ட இடமெல்லாம் அடுத்த வருஷத்துக்கான ஃபால்ட்டாகக் காத்திருக்கும். கேபிள் ஃபீடரில் ரீக்ளோஸை அணைத்து வைக்கச் சொல்வது இதனால்தான். அந்த மில்லில் அது ஆனில் இருந்தது. யார் போட்டது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

விட்டுவிட வேண்டியவை

டை-எலக்ட்ரிக் இழப்பை (இன்சுலேஷனுக்குள்ளேயே வீணாகும் வாட்) 11 கே.வி.-யில் போட வேண்டாம். அதைச் சொல்லும் டான் டெல்டா என்ற எண் 0.004 என்றால் ஒரு கோருக்கு மீட்டருக்கு 0.02 வாட். வாட்டர் ட்ரீ (ஈரத்தால் இன்சுலேஷனில் மரக்கிளை போல் வரும் சேதம்) பிடித்து அது 25 மடங்கு ஏறினாலும் அரை வாட். டான் டெல்டா டெஸ்ட் எடுங்கள், ஈரத்தைக் காட்டிக்கொடுக்கும். சூட்டுக் கணக்கில் மட்டும் அதற்கு இடமில்லை. வெடித்த இடத்தின் ஆர்க் சூட்டையும் மாடல் பண்ண வேண்டாம், அங்கே காப்பாற்ற எதுவுமே மிச்சமிருக்காது.

ஃபைனைட் எலிமென்ட் (சின்னத் துண்டுகளாகப் பிரித்துப் போடும் கணக்கு) வேண்டுமென்றால் ஃபெம் (FEMM) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, டூ-டி வெப்பக் கணக்கு போடும். டிரெஞ்சில் நாலைந்து கேபிள், மேலே தார் ரோடு, பக்கத்தில் சுடுநீர்க் குழாய் என்று வந்தால் அதற்குப் போகலாம். ஜாயின்ட்டுக்கு அது உதவாது. குறுக்குவெட்டைப் பார்க்கிற மாடலுக்கு நீளவாக்கில் ஓடும் வெப்பம் தெரியாது.

மில்லில் புது ஃபிரேம்கள் வந்து லோடு 300-க்குப் போகப்போகிறது என்பதால் அந்த ஃபீடரின் மற்ற நாலு ஜாயின்ட்டையும் ஷட்டவுன் வாங்கித் தோண்டி அளந்தோம். மூன்று, 40-க்குக் கீழே. ஒன்று 110, ரொம்ப யோசிக்காமல் வெட்டிப் புதுசு போட்டார் அண்ணாச்சி, இந்த முறை டையின் எண்ணை இரண்டு தடவை என்னை வாசிக்கச் சொல்லிவிட்டு. டிரெஞ்சைத் திரும்ப மூடும்போது வெடித்த கரிசலை ஒதுக்கிவிட்டு, கேபிளைச் சுற்றிச் சலித்த ஆற்று மணலும் கொஞ்சம் களிமண்ணும் கலந்து இடித்தோம். தெர்மோகப்பிள்கள் அங்கேயே இருக்கின்றன. வாரம் ஒருமுறை இரண்டு எண்களையும் லோடையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வித்தியாசம் 46-ஐத் தாண்டும் வாரத்தில் டிரெஞ்சின் மேல் தண்ணீர் விட வேண்டும்.